வயிற்றுக்கும் வருங்காலத்துக்கும் சண்டை மூட்டாதீர்கள்

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டி நீளும் தோல் வட்டாரத்தில் சுற்றுச்சூழல் என்று யார் பேச்செடுத்தாலும் ஒரே பதில்தான் வரும்: இன்றைக்குச் சோறு போடும் தொழிலை நாளைக்குப் பிறக்கப் போகிறவர்களின் பெயரைச் சொல்லி நெரிக்காதீர்கள். ஆலை முதலாளிகள் மட்டும் இப்படிப் பேசவில்லை. கட்சிக்காரர்களும் அதிகாரிகளும் பேசுகிறார்கள், பொருளாதாரம் படித்த நல்ல மனிதர்கள் பேசுகிறார்கள், தொழிலாளர்களிலும் பலர் அப்படியே நம்புகிறார்கள். தலைமுறைகளுக்கிடையிலான நீதி என்பது வயிறு நிறைந்தவர்களின் கவலை என்பதும், ஏழைக்கு இன்றும் பணக்காரனுக்கு நாளையும் முக்கியம் என்பதும் இவ்வட்டாரத்தின் பொதுப்புத்தியாகவே ஆகிவிட்டன. இந்தப் பொதுப்புத்தி தவறானது. அதை நம்பியதற்கு இந்த மக்கள் கொடுத்த விலை பெரிது.

அந்த வாதத்தை அதன் முழு வலுவோடு சொல்லிவிட்டே மறுக்க வேண்டும். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ஷூ கம்பெனிகளுக்கு வேலைக்கு வரும் பெண்கள் ஆயிரக்கணக்கானோர். மானாவாரி நிலமும் ஆண்டில் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் ஆறும் கொண்ட பகுதியில் இவர்களுக்கு மாதச் சம்பளத்தை வேறு எந்தத் தொழிலும் தந்ததில்லை. இந்தியாவின் தோல் ஏற்றுமதியில் தமிழ்நாட்டின் பங்கு மிகப் பெரியது, அதில் பெரும்பகுதி இந்த வட்டாரத்திலிருந்து போகிறது. ஐரோப்பியர் தங்கள் ஆறுகளைக் கெடுத்துத்தான் முன்னேறினார்கள், பிறகுதான் சுத்தம் செய்தார்கள். நமக்கு மட்டும் ஏன் அந்த வாய்ப்பு மறுக்கப்பட வேண்டும்? நம் பேரப்பிள்ளைகள் நம்மைவிட வசதியாக இருப்பார்கள், அவர்கள் கையில் நம்மிடம் இல்லாத தொழில்நுட்பம் இருக்கும். ஏழையான நாம் பணக்காரர்களாகப் போகும் அவர்களுக்காகத் தியாகம் செய்வது எந்த ஊர் நியாயம்? இதற்கெல்லாம் மேலே ஒரு தத்துவக் கேள்வியும் உண்டு: இன்னும் இல்லாத ஒருவருக்கு உரிமை எப்படி இருக்க முடியும்?

இவற்றில் பொய் என்று ஒதுக்கத்தக்கவை குறைவு. வேலை உண்மை, ஏற்றுமதி உண்மை, மேற்கு நாடுகளின் பழைய பாவமும் உண்மை. பிழை இருப்பது இவற்றையெல்லாம் தாங்கி நிற்கும் ஓர் அனுமானத்தில்: ஒரு பக்கம் இன்றைய ஏழை, மறுபக்கம் நாளைய மனிதன், இருவரில் ஒருவருக்குக் கொடுத்தால் மற்றவருக்கு இல்லை என்ற அனுமானம். பாலாற்றுப் படுகையில் நடந்தவற்றை வரிசையாகப் பார்த்தால் அது ஓரிடத்திலும் நிற்கவில்லை.

1. வருங்காலத் தலைமுறை எங்கே இருக்கிறது? ஆம்பூரிலேயே இருக்கிறது. ஓட்டுப் போடுகிறது, கம்பெனிக்கு வேலைக்குப் போகிறது, தெருக்குழாயில் குடம் வைத்துக் காத்திருக்கிறது. தோல் ஆலைக் கழிவுக்கு எதிராக வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது 1991இல். நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்புச் சொன்னது 1996 ஆகஸ்ட் 28 அன்று. முன்னெச்சரிக்கைக் கோட்பாடும், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாடும் இந்த நாட்டின் சட்டம் என்று அறிவித்த தீர்ப்பு அது. தலைமுறைகளுக்கிடையிலான சமநீதியை நீடித்த வளர்ச்சியின் கூறுகளில் ஒன்றாக எண்ணியதும் அதே தீர்ப்புதான். இந்தியச் சட்டக் கல்லூரிகளில் அது பாடமாக இருக்கிறது. வழக்குப் போட்ட ஆண்டில் கருவில் இருந்த பிள்ளைக்கு இப்போது 30 வயது தாண்டிவிட்டது. ஆகவே நாளையைப் பற்றி நாம் ஊகிக்க வேண்டியதில்லை. அன்று இன்றைக்காக நாளையை விட்டுக்கொடுத்தோம், அந்த நாளை வந்து சேர்ந்தும் விட்டது. கொடுத்த வாக்கு நிறைவேறியதா என்று சோதித்துப் பார்க்கலாம்.

சோதிப்போம். தோல் ஆலை வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு உதவாமல் போய்விட்டது என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் கண்டறிந்ததை அந்தத் தீர்ப்பே பதிவு செய்திருக்கிறது. நிலம் அப்படி ஆவதற்கு முதன்மையான காரணம் பலரும் நினைக்கும் குரோமியம் அன்று, சாதாரண உப்பு. பச்சைத் தோல் அழுகாமலிருக்க உப்பிட்டு அடுக்குகிறார்கள். ஆலைக்கு வந்ததும் ஊறவைத்து அந்த உப்பைக் கழுவிவிடுகிறார்கள். ஒரு கிலோ தோலைப் பதப்படுத்தி முடிக்கச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று தீர்ப்பு குறிப்பிடுகிறது. அந்தத் தண்ணீர் சுமந்து சென்ற சோடியம் மண்ணிலுள்ள களித் துகள்களில் கால்சியம் இருந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. மண்ணின் கட்டமைப்பு குலைகிறது, காற்றும் நீரும் உள்ளே இறங்குவதில்லை, மழை பெய்தாலும் மேலேயே தேங்கி வடிந்துவிடுகிறது. இதைத் திருப்ப ஜிப்சம் இட்டு நல்ல தண்ணீரால் பலமுறை அலச வேண்டும். அலசுவதற்கு வேண்டிய நல்ல தண்ணீர்தான் அங்கே கெட்டுப் போயிருக்கிறது. ஒரு தலைமுறை விட்ட கழிவு அடுத்த தலைமுறையின் கிணற்றில் தங்குவது இப்படித்தான். இங்கே வருங்காலம் என்பது மண் வேதியியலின் கால அளவு. அதற்குத் தத்துவம் எதுவும் தேவையில்லை.

குடிநீருக்கு வருவோம். பாலாற்றங்கரையில் பிறந்து வளர்ந்த வேலூரும் ஆம்பூரும் வாணியம்பாடியும் இன்று காவிரித் தண்ணீரை எதிர்பார்த்து நிற்கின்றன. மேட்டூரிலிருந்து குழாய் போட்டுத் தண்ணீர் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 1,000 கோடி ரூபாய்க்கு மேல் பொதுப்பணம் செலவாயிற்று. ஆறு வற்றியது, நகரங்கள் பெருத்தது என்று இதற்கு வேறு காரணங்களும் உண்டு, முழுப் பழியையும் ஆலைகள் மேல் போடவில்லை. ஆனால் ஆற்றங்கரையில் இருந்த நிலத்தடி நீர் குடிக்கும் நிலையில் இருந்திருந்தால் இந்தக் கணக்கு வேறாக இருந்திருக்கும். தொழில் வளர்ந்த பிறகு பிள்ளைகள் வசதியாக இருப்பார்கள் என்றார்கள். அந்தப் பிள்ளைகள் வேறோர் ஆற்றின் தண்ணீருக்கு வரி கட்டுகிறார்கள்.

பிறக்காதவருக்கு உரிமை இல்லை என்ற தத்துவ வாதம் இதோடு முடிந்துவிடுகிறது. யார் பிறப்பார் என்று தெரியாவிட்டாலும் யாரோ பிறப்பார், அவருக்குத் தாகம் எடுக்கும் என்பது தெரியும். அந்த அளவு அறிவே கடமையைச் சுமத்தப் போதும். பிலிப்பைன்ஸ் உச்ச நீதிமன்றம் 1993இல் ஒபோசா வழக்கில், தங்களுக்காகவும் இனி வரும் தலைமுறைகளுக்காகவும் வழக்குத் தொடுக்கச் சிறுவர்களுக்கு உரிமை உண்டு என்று ஏற்றது அப்படித்தான். ஜெர்மனியின் அரசமைப்பு நீதிமன்றமும் 2021இல், கரியமிலச் சுமையை 2030க்குப் பிந்திய ஆண்டுகளுக்குத் தள்ளிவிட்டு இளையவர்களின் சுதந்திரத்தைச் சுருக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது.

2. எந்த வேலைக்கு எந்த நஞ்சு? 'தோல் தொழில்' என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு தொழில்களை அடைத்து வைத்து வாதிடுவது எதிர்த்தரப்பின் மிகப் பெரிய பலம். ஷூ மேல்பாகம் தைப்பதும் அட்டை ஒட்டுவதும் பெட்டியில் போடுவதும் ஒன்று. பச்சைத் தோலை ஊறவைத்து, சுண்ணாம்பிட்டு, மயிரும் சதையும் நீக்கி, குரோமியத்தில் போட்டு 'வெட் புளூ' ஆக்குவது இன்னொன்று. பெண்கள் பேருந்து பேருந்தாக வருவது முதல் வேலைக்கு. பாலாற்றுக்குப் போன உப்பும் குரோமியமும் சல்ஃபைடும் பெரும்பாலும் வந்தது இரண்டாவதிலிருந்து. முதலாவதில் ஆள் அதிகம், தண்ணீர் குறைவு. இரண்டாவதில் தண்ணீர் ஏராளம், ஆள் குறைவு. ஈரத் தோல் ஆலையின் கழிவைக் கேள்வி கேட்கும்போதெல்லாம் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருக்கும் பெண்ணை முன்னால் நிறுத்துவது நேர்மையற்ற வாதம். தோல் இல்லாத காலணி செய்யும் தைவான் நிறுவனமான ஹாங் ஃபூ இராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்துக்கு வந்திருக்கிறது. 25,000 பேருக்கு வேலை என்று அரசு அறிவித்த திட்டம் அது. காலணி வேலைக்கும் பதனிடும் கழிவுக்கும் பிரிக்க முடியாத பந்தம் இல்லை என்பதை அரசின் தொழில் கொள்கையே ஒப்புக்கொண்டுவிட்டது.

பதனிடும் வேலைக்கும்கூட இவ்வளவு நஞ்சு விதிக்கப்பட்டதன்று. இந்த வட்டாரம் நெடுங்காலம் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோலைப் பதனிட்டது. அதிலும் நாற்றமும் கழிவும் இருந்தன, அந்தக் காலத்தைப் பொற்காலமாக்க வேண்டியதில்லை. ஆனால் பெருமளவில் குரோமியத்துக்கு மாறியது இயற்கையாக நடந்ததன்று. 1970களின் தொடக்கத்தில் சீதாராமையா குழுவின் பரிந்துரையை ஏற்று, அரைப்பதத் தோல் ஏற்றுமதியைக் குறைத்து முடித்த தோலையும் தோல் பொருள்களையும் ஊக்குவிப்பது என்று மத்திய அரசு முடிவு செய்தது. நாட்டுக்குக் கூடுதல் மதிப்பு கிடைக்கட்டும் என்ற நோக்கம் சரியானது. மாற்றத்தோடு வரும் கழிவை எங்கே விடுவது என்ற கேள்விக்கு அன்று யாரும் விடை வைத்திருக்கவில்லை. வழக்கமான முறையில் பதனிடும்போது போட்ட குரோமியத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத் தோல் உள்வாங்காமல் விட்டுவிடுகிறது. அதை மீட்டுத் திரும்பப் பயன்படுத்தும் முறை உண்டு. ஊறவைக்கும் முன் தோலை உதறி உப்பைப் பிரித்தெடுக்கும் எளிய முறையும் உண்டு. மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 1948 முதல் சென்னையில்தான் இருக்கிறது. ஆகவே ஆற்றில் விட்ட கழிவைப் பிழைப்பின் விலை என்று சொல்ல முடியாது. செய்யாமல் விட்ட செலவு அது, மிச்சமான அந்தப் பணம் தையல்காரப் பெண்ணின் சம்பளத்தில் சேரவில்லை.

3. 'இன்றைய தலைமுறை' என்று சொல்லும்போது அதில் யார் யார்? இந்த வாதம் இன்றைய தலைமுறையை ஒரே குடும்பமாகக் காட்டுகிறது, ஆலை முதலாளியும் அவருடைய கழிவு பாய்ந்த நிலத்துக்காரரும் ஒரே பந்தியில் சாப்பிட்டதுபோல. கணக்கைப் பார்ப்போம். 1996 தீர்ப்பின்படி அமைந்த சூழலியல் இழப்பு ஆணையம் 2001இல் வேலூர் மாவட்டத்துக்கு இழப்பீடு நிர்ணயித்தது. 186 கிராமங்களில் சுமார் 15,165 ஹெக்டேர், 29,193 தனிநபர்கள் அல்லது குடும்பங்கள், 547 ஆலைகள் கட்ட வேண்டிய தொகை சுமார் 26.82 கோடி ரூபாய். வகுத்தால் ஒரு குடும்பத்துக்குச் சராசரி 9,200 ரூபாய்கூட இல்லை. 1991 ஆகஸ்ட் முதல் 1998 டிசம்பர் 31 வரையிலான ஏழு ஆண்டுக்கும் மேற்பட்ட காலத்துக்கான தொகை அது, மாதத்துக்கு ஏறத்தாழ 100 ரூபாய். கிணறு போனது, நிலம் போனது, அதற்கு ஈடு மாதம் 100 ரூபாய். அதையும் சிறுகச் சிறுக, வழக்குக்கு மேல் வழக்காகப் பெற வேண்டியிருந்தது. வேளாண் பல்கலைக்கழகம் சொன்ன 35,000 ஹெக்டேரோடு இழப்பீட்டுக்கு வந்த 15,165 ஹெக்டேரை ஒப்பிட்டால், பட்டியலுக்குள் வராமலே போன இழப்பு எவ்வளவு இருக்கும் என்ற கேள்வி எழுகிறது. நிலப் பரப்பை வைத்துப் போடும் எந்தக் கணக்கிலும் அந்த நிலத்தில் களை பறித்தும் நாற்று நட்டும் கூலி வாங்கியவர்கள் வருவதில்லை. பாலாற்றங்கரை ஊர்களில் அந்தக் கூலிகளில் பெரும்பாலோர் யார், டேனரியில் ஈரத் தோலைத் தூக்கும் வேலையை இன்றும் பெரும்பாலும் யார் செய்கிறார்கள் என்று கேட்டால் இரண்டுக்கும் விடை தலித் மக்கள்தான்.

2015 ஜனவரி 31 அதிகாலை இராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுக் கழிவுத் தொட்டி உடைந்து, பக்கத்து ஆலையில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மீது பாய்ந்தது. 10 பேர் செத்தார்கள், பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்த தொழிலாளர்கள். இவர்கள் எந்தத் தலைமுறை? எந்த நாளைக்காக இவர்களுடைய இன்று பறிக்கப்பட்டது? நாளைய மனிதனின் தண்ணீரைப் பாதுகாக்க வேண்டிய அதே தொட்டி ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்தால் இன்றைய தொழிலாளியும் பிழைத்திருப்பார். வருங்காலத்துக்குச் செய்யும் துரோகமும் நிகழ்காலத்து ஏழைக்குச் செய்யும் துரோகமும் இந்த வட்டாரத்தில் ஒரே கை செய்த ஒரே செயல். ஒன்றைச் செய்யத் துணிந்தவர்தான் மற்றதையும் செய்தார். தலைமுறை நீதி ஏழைக்கு எதிரி என்ற வாதம் உடைய இந்த ஓர் உண்மையே போதும்.

4. பிற்காலத்தில் பணக்காரர்களாகித் துடைத்துக்கொள்வோம் என்கிறார்கள். இராணிப்பேட்டையில் யார் துடைத்தார்கள்? தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் நிறுவனம் 1970களின் நடுவில் தொடங்கி, தோல் பதனிடத் தேவையான குரோமிய உப்புகளைத் தயாரித்து, 1990களின் நடுவில் மூடிக்கொண்டது. இருபது ஆண்டு உற்பத்திக்குப் பின் அது விட்டுச் சென்றது 2 லட்சம் டன்னுக்கு மேற்பட்ட குரோமியக் கழிவுக் குன்று. புற்றுநோய் உண்டாக்கும் அறுமதிப்புக் குரோமியம் அதிலிருந்து மழைதோறும் கரைந்து நிலத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் 2006இல் உலகின் மிக மாசுபட்ட பத்து இடங்களில் இராணிப்பேட்டையைச் சேர்த்தது. அந்த ஆலை மூடிய பிறகு தமிழ்நாடு பணக்கார மாநிலமாயிற்று. பொருளாதாரம் பலமடங்கு பெருகியது, சாலைகள் அகன்றன, தொழிற்பேட்டைகள் வளர்ந்தன. கழிவு பல்லாண்டுகள் அங்கேயே கிடந்தது. காரணம் எளிது: லாபம் எடுத்தவர் போய்விட்டார், நிறுவனம் இல்லை, செலவை ஏற்கப் பொறுப்பான ஆள் இல்லை. செல்வம் வளர்ந்தால் மட்டும் அழுக்கு போகாது. அழுக்கு யாருடையது என்று எழுதி வைத்திருந்தால்தான் போகும். எழுதி வைக்கும் நேரம் தொழில் நடக்கும்போதுதான், மூடிய பிறகு இல்லை.

இந்த இடத்தில் பொருளியலார் தள்ளுபடி விகிதத்தைக் கொண்டுவருவார்கள். வருங்காலச் சேதத்தை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவர ஒரு வட்டி விகிதத்தால் கழிப்பது அவர்கள் வழக்கம். 50 ஆண்டு கழித்து வரும் 1 கோடி ரூபாய் சேதத்தை 10 சதவீதத்தில் கழித்தால் இன்று அதன் மதிப்பு சுமார் 85,000 ரூபாய். நிக்கோலஸ் ஸ்டெர்ன் 2006இல் பருவநிலை அறிக்கையில் கையாண்ட 1.4 சதவீதத்தை ஒட்டிக் கழித்தால் அதே சேதம் ஏறக்குறைய 50 லட்சம் ரூபாய். 100 ஆண்டுக்கு 10 சதவீதத்தில் கழித்தால் அந்த 1 கோடி சுமார் 725 ரூபாயாகத் தேய்கிறது. விகிதத்தை மாற்றினால் நீதியே மாறிவிடுகிறது. எந்த விகிதம் என்பது கணிதம் தரும் விடை இல்லை, தேர்ந்தெடுப்பவரின் அறம். பணம் வங்கியில் வட்டி சேர்க்கும் என்பதால் கிணறும் அப்படியே வட்டி சேர்க்கும் என்று கொள்வது பொருளியலாகாது. உப்பேறிய நிலத்தடி நீருக்கு ஈடாகப் பேரனுக்குக் கிடைக்கும் கைப்பேசி அவன் தாகத்தைத் தீர்க்காது. சில செல்வங்களை வேறு செல்வங்களால் மாற்ற முடியாது, குடிநீர் அவற்றில் முதன்மையானது. இதற்கும் மேலே, அந்தக் கணக்குக்கு அடிப்படையான 'பேரன் நம்மைவிடப் பணக்காரன்' என்ற அனுமானம் யாருடைய பேரனுக்குப் பொருந்தும்? ஆலைக்காரரின் பேரனுக்குப் பொருந்தலாம். உப்புக் கிணற்றோடு விடப்பட்ட விவசாயியின் பேரன் தாத்தாவைவிட நிலத்தில் ஏழை.

5. தொழில்நுட்பம் பார்த்துக்கொள்ளும் என்கிறார்கள். இதுவரை எப்படிப் பார்த்தது? நீதிமன்ற அழுத்தத்தால் 1990களில் வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் ஆகிய ஊர்களில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. நுண்ணுயிரிகளை வைத்து உயிர்மக் கழிவைக் குறைக்கக் கூடிய நிலையங்கள் அவை. கரைந்த உப்பை நீக்க அவற்றால் இயலவே இயலாது, வடிவமைப்பிலேயே அந்த வேலை இல்லை. கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்ற மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வரம்பு ஒரு பக்கம் இருக்க, நிலத்தைக் கெடுத்த உப்பு சுத்திகரித்த நீர் என்ற பெயரில் வெளியேறிக்கொண்டிருந்தது. அதன் பிறகுதான் கழிவுநீரே வெளியேறாத முறை கட்டாயமாயிற்று: சவ்வு வழியாக வடிகட்டு, மிஞ்சியதை ஆவியாக்கு, உப்பைத் திடமாகப் பிரித்தெடு. நல்ல முன்னேற்றம்தான், பாராட்டத்தக்கது. ஆனால் ஆவியாக்கிய பிறகு கையில் மிஞ்சும் கலப்பு உப்பை வாங்க ஆளில்லை, புதைக்க இடமில்லை, அது மூட்டைகளாகக் கொட்டகைகளில் அடுக்கப்படுகிறது. ஆவியாக்கச் செலவாகும் எரிபொருள் தனிக் கணக்கு. ஆற்றில் கரைந்து போன உப்பு இப்போது கூரைக்குக் கீழே காத்திருக்கிறது, ஒரு பெருமழையும் ஓர் உடைந்த சுவரும் போதும். தொழில்நுட்பம் கழிவை இடம் மாற்றித் தந்திருக்கிறது. அதை இல்லாமல் ஆக்க வேண்டுமானால் உப்பையே தோலில் குறைக்க வேண்டும். அதற்கு வேண்டியது தோல் வாங்கும் மண்டி வரைக்கும் போகும் கண்டிப்பு.

6. ஐரோப்பா கெடுத்துவிட்டுத்தானே சுத்தம் செய்தது? முதலில், அங்கே கெடுத்தது பெரும்பாலும் ஓடும் ஆறுகளை. கழிவு விடுவதை நிறுத்தியதும் அவை தம்மைத் தாமே கழுவிக்கொள்ளத் தொடங்கின. இங்கே கெட்டது ஆண்டில் சில நாளே ஓடும் ஆற்றின் மணலுக்கடியிலுள்ள நீர். மேலே ஆண்டுக்கணக்கில் வெள்ளமே இல்லாவிட்டாலும் கீழே ஊறிக் கொடுத்த நீர். 2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்தபோது இனி எல்லாம் சரியாகிவிடும் என்றார்கள். வெள்ளம் மணலைக் கழுவும், கரையைத் தாண்டி வயல்களின் களிமண்ணில் ஏறிய சோடியத்தை அவ்வளவு எளிதில் கழுவாது. இரண்டாவதாக, ஐரோப்பா தோல் பதனிடுவதை முழுதும் விட்டுவிடவில்லை. இத்தாலியில் அர்சிஞானோவும் சாந்தா குரோச்சேயும் இன்றும் பெரிய தோல் ஊர்கள்தாம். அங்கே ஆலைகள் சேர்ந்து சுத்திகரிப்புக்கும் குரோமியம் மீட்புக்கும் செலவிடுகின்றன, அந்தச் செலவு தோலின் விலையில் ஏறுகிறது. நம் ஆலைகள் மலிவு விலைக்குப் போட்டியிட அந்தச் செலவைப் பாலாற்றின் தலையில் கட்டின. மேற்கின் வாங்குபவர் விலையைப் பிடித்து நெரிக்கிறார் என்ற புகார் நியாயமானது, அதற்காக ஆலைச் சங்கங்கள் ஒன்றுகூடிப் பேரம் பேச வேண்டும். வாங்குபவரிடம் கேட்கத் துணியாத பணத்தைத் தன் ஊர்க் கிணற்றிடம் பிடுங்குவதற்குப் பெயர் தொழில் திறமை இல்லை.

என் பக்கம் திருப்பிக் கேட்கப்படும் கேள்விகள் உண்டு. பாலாற்றைக் கொன்றது மணல் கொள்ளையும் மேலே ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும் கட்டிய தடுப்பணைகளும் அல்லவா? அவையும்தான். 348 கிலோமீட்டர் ஓடும் ஆற்றில் 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டில் இருந்தும் நமக்கு வரும் தண்ணீர் சொற்பம். ஆனால் மணல் அள்ளுபவர் கிணற்றில் உப்பைக் கொட்டவில்லை. தண்ணீர் குறைந்த ஆற்றில் ஒரு மூட்டை உப்பு முன்னைவிட அதிகக் கேடு செய்யும் என்பதால், வரத்துக் குறைவு ஆலைகளின் பொறுப்பைக் கூட்டுகிறதே தவிரக் குறைக்கவில்லை. அப்படியானால் ஆலைகளை ஊருக்கு வெளியே எங்காவது தள்ளிவிடலாமே என்பவர்களுக்கு வங்காளதேசம் ஒரு பாடம். டாக்காவின் ஹசாரிபாக்கிலிருந்த தோல் ஆலைகளை 2017இல் சாவாருக்கு மாற்றினார்கள். சுத்திகரிப்பு நிலையம் ஒழுங்காகத் தயாராகாமலே மாற்றியதால் புரிகங்கா ஆற்றின் துன்பம் தலேஸ்வரி ஆற்றுக்குப் போயிற்று. கழிவை அடுத்த ஊருக்குத் தள்ளுவதும் அடுத்த தலைமுறைக்குத் தள்ளுவதும் ஒரே குற்றம்.

ஆலைகளை மூடச் சொல்கிறாயா என்பதே கடைசிக் கேள்வி. இல்லை. தோல் தொழில் நாட்டுக்கு வேலையும் செலாவணியும் தருகிறது, ஆனால் சூழலை அழிக்கும் உரிமை அதற்கு இல்லை என்ற பொருள்பட 1996லேயே நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்குமேல் ஒரு சொல்லும் நான் கூடுதலாகக் கேட்கவில்லை. 2025 ஜனவரி 30 அன்று நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு அதே பாலாற்று வழக்கில் இன்னும் ஓரடி முன்னே போயிருக்கிறது: பாக்கியுள்ள இழப்பீட்டை அரசு முதலில் கொடுத்துவிட்டு மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்க வேண்டும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைத்து ஆற்றை மீட்கும் வேலையைக் கண்காணிக்க வேண்டும், சூழலுக்கு நேர்ந்த சேதம் சரியாகும்வரை மாசுபடுத்தியவரின் பொறுப்பு தீராது. இந்த மூன்றாவது வரிதான் தலைமுறை நீதியின் நடைமுறை வடிவம். 1998 டிசம்பர் 31 என்று ஒரு தேதி போட்டு இழப்பை நிறுத்தியது கணக்கு வசதிக்காக. மண்ணில் சோடியம் அந்தத் தேதியில் நின்றுவிடவில்லை.

இதை நிறைவேற்ற வேண்டியவை வானத்தை வளைக்கும் காரியங்கள் இல்லை. பதனிடும் பச்சைத் தோலின் எடைக்கேற்ப ஒவ்வோர் ஆலையும் முன்கூட்டியே வைப்புத்தொகை கட்டட்டும். ஆலை மூடினாலும் நிறுவனம் கலைந்தாலும் கழிவை அகற்ற அந்தப் பணம் இருக்கட்டும், இன்னொரு குரோமேட்ஸ் கழிவுக் குன்று பிறக்காமல் இருக்க வேறு வழியில்லை. கொட்டகையில் கிடக்கும் உப்பு எத்தனை டன், எந்த ஆலையுடையது என்று மாதாமாதம் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டட்டும். கண்காணிப்புக் கிணறுகளின் அளவீட்டை அந்தந்தக் கிராம சபையில் தமிழில் படிக்கட்டும். வாரியத்தின் உத்தரவால் ஆலை நிறுத்தப்படும் நாள்களுக்குத் தொழிலாளியின் கூலியை ஆலையே கொடுக்கட்டும். அப்போதுதான் முதலாளியின் குற்றத்துக்குத் தொழிலாளியைப் பிணையாக நிறுத்தி வாதாடும் வழக்கம் ஒழியும். இழப்பீட்டுப் பட்டியலை மீண்டும் திறந்து, பட்டா இல்லாத கூலிகளையும் 1998க்குப் பின் கிணறு கெட்டவர்களையும் அதில் சேர்க்கட்டும். அந்தப் பட்டியலில் பெயர் வர வேண்டியவர்களில் பலர் 1991இல் பிறந்திருக்கவே இல்லை.